குளித்துவிட்டுக் காணாமல் போன கிடா

"எந்தத் திருடனாச்சும் ஆட்டைக் குளிப்பாட்டிட்டுத் திருடுவானா சுவக்கீனு?"

கேட்டவர் துப்பறியும் ஈஸ்வரமூர்த்தி. அவருடைய உதவியாளன் சுவக்கீனுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவன் அந்த நிமிஷம் ஆட்டுக் கொட்டகையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, பொங்கலுக்குத் தைத்த பெல்பாட்டம் பேன்ட்டின் பின்புறத்தைக் கவலையோடு தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுத்தக்காரத் திருடன் போல பாஸ்," என்றான் எழுந்து நின்று. "எங்க சூரியநெல்லிப் பக்கம் ஒருத்தன் திருட வந்தவன், அடுப்படியில கெடந்த ஏனத்தையெல்லாம் விளக்கிக் கவுத்திட்டுத்தான் மத்ததை எடுத்துட்டுப் போனான்."

"புடிச்சீங்களா?"

"புடிச்சோம். எங்க மாமா அவனுக்கே பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டாரு."

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. அவர் சிரிப்பது வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் தீபாவளியை ஒட்டி. குனிந்து தரையைப் பார்த்தார். கொட்டகையின் ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. பக்கத்தில் காலி வாளி. கிடாவின் கழுத்து மணி, ஆணியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. கயிற்றை யாரும் அறுக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

ஆட்டுக்குச் சொந்தக்காரி டாக்டர் நாச்சம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலந்தாவளத்துப் பக்கத்தில் நல்ல பூமி வைத்திருக்கும் குடும்பம். பெங்களூரில் படித்துப் பட்டம் வாங்கியவள். தான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லி, அது எடுபடாமல், இப்போதெல்லாம் காய்ச்சல் என்று வருகிறவர்களுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்பிவிடுகிறவள்.

"ஏனுங், ஒரு கெடாவுக்காக உங்களைக் கூப்புட்டனேனு நெனைக்காதீங்க," என்றாள். "எம்பட ஆறு வருச வேலை அதோட ரத்தத்துல ஓடுது."

கிடாவின் பெயர் தாசில்தார். யார் எத்தனை முறை கூப்பிட்டாலும் சாவகாசமாகத்தான் திரும்பிப் பார்க்கும் என்பதால் வந்த பெயர். முதுகில் அடையாளத்துக்கு மை பூசியிருப்பதாகவும் சொன்னாள். நாச்சம்மாள் அவர்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். மேஜையில் ரேடியோ அளவுக்கு ஒரு பெட்டி, முகப்பில் ஒரு முள். பெட்டியிலிருந்து போன ஒயரின் முனையில் பேனா மாதிரி ஒரு குச்சி. குச்சியின் நுனியில் வெள்ளி.

"தாசில்தாருக்கு ரெண்டு வருசமா மனுசப் புரதத்தைக் கொஞ்சங் கொஞ்சமா ஊசி போட்டிருக்கறனுங்க. அதனால அதோட ரத்தத்துக்கு மனுசப் புரதத்தைக் கண்டா அடையாளம் தெரியும், கண்டதும் கெட்டியாப் புடிச்சுக்கும். அந்தச் சரக்கைப் பிரிச்செடுத்து இந்த நுனியில பூசியிருக்கேன். மூத்திரத்துல வெச்சா, அதுல புரதம் இருந்தா வந்து ஒட்டும். ஒட்டுனா முள்ளு நகரும்."

"புரதம் இருந்தா என்னாகும்?" என்றான் சுவக்கீன்.

"மாசமா இருக்கறவங்களுக்கு அது எறங்கக் கூடாதுங்க. எறங்குனா கால் வீங்கும், ரத்தக்கொதிப்பு ஏறும், சில பேருக்கு ஜன்னி கண்டுரும். மூத்திரத்தைக் காய்ச்சிப் பாக்கறதுல நெம்ப எறங்குனதுக்கப்பறந்தான் தெரியும். இது முன்னாலயே சொல்லீரும். மலை மேல, ஆஸ்பத்திரி இல்லாத எடத்துல, ஒரு நர்சம்மா கையில இது இருந்தாப் போதும்."

சுவக்கீன் குனிந்து அந்தக் குச்சியின் நுனியைப் பார்த்தான். அவனுடைய அக்காவுக்குத் தலைப்பிரசவத்தில் கால் வீங்கியது. உடம்பில் நீர் கோத்திருக்கிறது, பிள்ளை பிறந்தால் வடிந்துவிடும் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். மலை இறங்குவதற்குள் முடிந்துபோயிற்று. அந்தத் துக்கம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. அதுவரை 'போயும் போயும் ஆட்டுக் கேஸா' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், அந்தக் கிடாவைக் கண்டுபிடிக்காமல் சாப்பிடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டான். காலை இட்டிலியை ஏற்கெனவே முடித்திருந்ததால் சத்தியம் அப்போதைக்குக் கஷ்டமாக இல்லை.

"எடுத்து வெச்ச சரக்கு எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி.

"போன மாசம் கரண்டு போயிப் போயி, ஃப்ரிட்ஜுல இருந்ததெல்லாம் கெட்டுப்போச்சுங்க. இந்தக் குச்சியில பூசுனதுதான் மிச்சம். திங்கக்கெழமை கோயமுத்தூர்ல இருந்து பெரிய டாக்டருங்க பாக்க வர்றாங்க. அவங்க ஒத்துக்கிட்டா நூறு குச்சி செஞ்சு மலைக்கு அனுப்பலாம். கெடா இல்லீன்னா ஒண்ணுமே இல்லை. புதுசா ஒரு குட்டியைப் புடிச்சு, மறுபடியும் முதல்ல இருந்து..."

"நேத்து ஆராச்சும் வந்தாங்களா?"

"சென்னிமலைனு ஒருத்தரு, டெரிலின் சட்டை, கூலிங் கிளாசுல. ஆஸ்பத்திரிச் சாமான் கம்பெனி ஏஜெண்டு. மெசினையும் கெடாவையும் வெலைக்குக் கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். போறப்ப தாசில்தாரைத் தடவிக் குடுத்தாரு. அது ஊரையே கூட்டிருச்சு. ஊசி போட்டுப் போட்டு, புதுக் கை பட்டாலே அதுக்கு ஆகாது."

"கேஸ் முடிஞ்சிருச்சு பாஸ்!" சுவக்கீன் ஜீப் சாவியைச் சுழற்றினான். "கெடா முதுகுல அடையாளத்துக்கு மை இருக்குனு சொன்னாகல்ல? அதைக் கழுவத்தான் குளிப்பாட்டியிருக்கான். இன்னைக்கு வேலந்தாவளத்துல சந்தை. ஆயிரம் ஆட்டுக்குள்ள ஒண்ணா விட்டுட்டா தாசில்தாரைக் கலெக்டரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

ஈஸ்வரமூர்த்தி ஆணியில் தொங்கிய மணியை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். "காத்தால ஆடு கத்துச்சுங்களா டாக்டரம்மா?"

"இல்லீங்களே. எங்கம்மா விடியறதுக்கு முன்னாலயே வண்டி பூட்டிச் சித்தி ஊட்டுக்குப் போயிட்டாங்க. வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ஆடு கத்துன சத்தமே இல்லை."

"ம்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவருடைய 'ம்' எப்போதும் பாதிக் கேஸ் என்பது சுவக்கீனுக்குத் தெரியும். ஆனால் அவன் அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டான்.

அந்த ஜீப் சூரியநெல்லி எஸ்டேட் ஒன்றில் ஏலத்தில் எடுத்த பழைய வில்லீஸ். பிரேக் இருந்தது, ஆனால் அதற்கும் யோசிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும். நாச்சம்மாள் மெஷின் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். ஆட்டைக் கொண்டுபோனவன் இதையும் கொண்டுபோக மாட்டான் என்று என்ன நிச்சயம் என்றாள்.

"பொட்டி நல்லா வேலை செய்யுதாங்க?" என்று வழியில் பேச்சுக் கொடுத்தான் சுவக்கீன்.

"செவ்வாக்கெழமைதானுங்க மூத்திரத்துல சரியா ஓடுச்சு. சந்தோசத்துல வாசல்ல நின்னு கத்திப்போட்டேன். ஆனா ரத்தத்துல ஓட மாட்டீங்குது. ரத்தத்துல ஆயிரம் புரதம். எல்லாம் வந்து நுனியில அப்பிக்குது. முள்ளு பேய் புடிச்ச மாதிரி குதிக்குது. எது ஒட்டுச்சுன்னே தெரியறதில்லை. மூத்திரத்துலயும் சில சமயம் ரத்தம் கலந்து வருமில்லீங்க? அப்ப மெசினு பொய் சொல்லீரும். வேண்டாதது ஒட்டாம இருக்க என்ன பூசறதுங்கறதுதான் எம்பட ஆறு வருசத் தலைவலி."

சுவக்கீன் யோசித்தான். "பொள்ளாச்சி பஸ் மாதிரிங்களா? சன்னல் வழியா முதல்லயே எல்லா சீட்லயும் துண்டைப் போட்டு வச்சிட்டு, நம்ம ஆளுக்கு மட்டும் ஒரு சீட்டைக் காலியா விட்டுட்டா, கண்டவன் வந்து உக்கார முடியாதுல்ல?"

நாச்சம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அதேதானுங்க! நேத்து ராத்திரி அந்த மாதிரிதான் ஒரு பூச்சுப் பூசியிருக்கேன். ஆடை எடுத்த பால்ல இருந்து பிரிச்ச புரதம். அதுவே போயி எல்லா எடத்துலயும் உக்காந்துக்கும். ஆனா இதுக்கு முன்னால போட்ட துண்டையெல்லாம் ரத்தம் தூக்கி எறிஞ்சிருச்சு. இது என்ன பண்ணுதோ, இன்னும் பாக்கலை."

சந்தையில் காலை வைக்க இடமில்லை. மாடும் எருமையும் ஆடும் மனிதர்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மலையாளத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆடுகள் மட்டும் இரண்டு பாஷையிலும் கத்தின. சுவக்கீன் மூன்றாவது வேப்ப மரத்தடியில் ஆளைப் பிடித்துவிட்டான். டெரிலின் சட்டை, கூலிங் கிளாஸ், சென்னிமலையேதான். பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கிடா. எதிரே ஒரு தரகர். இருவர் கைகளும் ஒரு துண்டுக்கு அடியில் மறைந்திருந்தன.

"துண்டுக்கு அடியில என்னத்தையோ கை மாத்துறான் பாஸ்!" என்று பாய்ந்த சுவக்கீன், துண்டுக்குள் கையை விட்டு அகப்பட்டதைக் கெட்டியாகப் பிடித்தான்.

அகப்பட்டது தரகரின் நான்கு விரல்கள்.

"முடிஞ்சுது!" என்று கூவினார் தரகர். "தம்பிக்கே கெடா! நல்ல வெலை குடுத்தீங்க தம்பி!"

சந்தையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் விலையை வாயால் பேச மாட்டார்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள் என்பதும், விரலைப் பிடித்துவிட்டால் பேரம் படிந்த மாதிரி என்பதும் தேயிலைக் காட்டில் வளர்ந்த சுவக்கீனுக்கு எப்படித் தெரியும்? நான்கு பேர் கூடி அவன் முதுகில் தட்டி வாழ்த்தினார்கள். கிடா அவனுடைய பெல்பாட்டத்தின் அகலமான பகுதியை ருசி பார்த்தது.

"ஏனப்பா, நான் காத்தால இருந்து பேசிட்டிருந்த ஆடு அது!" என்று அலறினார் சென்னிமலை. அப்போதுதான் நாச்சம்மாளைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. "ஏனுங்க டாக்டரம்மா... உங்க ஆட்டைக் குடுக்க மாட்டீன்னீங்க. சரி, நாமளே ஒண்ணு வாங்கி ஊசி போட்டு வளத்தலாம்னு..."

"தாசில்தார் எங்கே?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"தாலுக்காக் கச்சேரியில இருப்பாருங்க. எதுக்கு?"

அந்தப் பதிலில் பொய் இல்லை. இந்த ஆளுக்கு ஆட்டின் பெயர்கூடத் தெரியாது. நாச்சம்மாளும் அந்தக் கிடாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். சுவக்கீன் வாங்கிய கிடாவைச் சென்னிமலையிடமே தள்ளிவிட்டார்கள். தரகருக்கு யாராக இருந்தாலும் சரிதான்.

ஈஸ்வரமூர்த்தி தரகரைத் தனியாக அழைத்தார். "இன்னைக்குச் சந்தைக்குக் குளிப்பாட்டுன ஆடு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

தரகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குளிப்பாட்டறதா? நனைஞ்ச ஆடு பாதி ஆடாத் தெரியுமுங்க. மயிரெல்லாம் ஒட்டி எலும்பு தெரிஞ்சிரும். விக்கறவன் உப்புத் தண்ணி காட்டி வயித்தை ரொப்பிக் கூட்டியாருவானே ஒழிய, எந்தக் கிறுக்கனும் குளிப்பாட்ட மாட்டானுங்க."

ஈஸ்வரமூர்த்தியின் முகத்தில் தீபாவளி வந்துவிட்டது. சுவக்கீன் பயந்தே போனான்.

"சுவக்கீனு, விக்கறவனுக்குக் குளிச்ச ஆடு வேண்டாம். வாங்கறவனுக்கும் வேண்டாம். அப்ப ஆருக்கடா வேணும்?"

"பொண்ணு பாக்கப் போற ஆட்டுக்கா பாஸ்?"

"சாமிக்கு!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "கத்தாத ஆடு, அவுத்த முடிச்சு, பத்தரமா மாட்டி வெச்ச மணி. கொண்டுபோனது அந்த ஆட்டுக்குப் பழகுன கை. டாக்டரம்மா, உங்கம்மா எந்தச் சாமிக்கு வேண்டுவாங்க?"

நாச்சம்மாள் பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கருப்பராயன்," என்றாள். "கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி. ஐயோ, உச்சிப் பூசையிலதான் வெட்டுவாங்க!"

அன்று அந்த வில்லீஸ் ஓடிய ஓட்டத்தை, அதைத் தயாரித்தவர்கள் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒரு கோழி மயிரிழையில் தப்பியது. செக்போஸ்டில் தடுப்புக் கழி தூக்கியிருந்தது பூர்வ ஜென்மப் புண்ணியம். 'வெட்டிறாத சாமி, வெட்டிறாத சாமி' என்று சுவக்கீன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேண்டினான். அது எந்தச் சாமி என்று அவனுக்கே தெரியாது, மாதாவையும் நடுவில் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டான்.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. யாரோ ஒரு சேவலை அப்போதுதான் அறுத்திருந்தார்கள். மண் சட்டியில் ரத்தம் புதுசாக இருந்தது. பூசாரி சின்னமுத்து, மீசையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு அரிவாளைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். சாமிக்கு நேர் எதிரே, குளித்துப் பளபளவென்று, கழுத்தில் அரளி மாலையோடு நின்றது தாசில்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது நாச்சம்மாளின் தாயார் முத்தாத்தாள். பட்டுச் சேலை, காதில் கனமான தோடு. கிடா அவர் கைக்கு எட்டாத பக்கமாகத் தலையைத் திருப்பி, தன் மாலையைத் தானே தின்றுகொண்டிருந்தது.

"அம்மா!" நாச்சம்மாள் பெட்டியும் கையுமாக ஓடினாள். "என்னம்மா காரியம் பண்றே நீ?"

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றார் முத்தாத்தாள். "ரத்தத்துல ஓட மாட்டீங்குது, ஓட மாட்டீங்குதுனு நீ சோறு திங்காம உக்காந்திருந்தப்ப நான்தான் வேண்டுனேன். ஓடுச்சுன்னா தாசில்தாரையே தாரேன்னு. செவ்வாக்கெழமை வாசல்ல நின்னு ஓடிருச்சுனு நீ கத்துனதை ஊரே கேட்டுச்சு, கருப்பராயன் கேக்க மாட்டானா? சொன்னாச் செய்யோணும்."

"இந்தக் கெடா செத்துதுன்னா அந்த மெசினே இல்லைம்மா! எல்லாம் இதோட ரத்தத்துலதான் இருக்குது!"

முத்தாத்தாளின் கையிலிருந்து கயிறு நழுவியது. "அதைய முன்னாலயே சொல்றதுக்கென்ன?" என்றார் சன்னமாக. "ஊசி போட்டுப் போட்டு நீ எளைக்க வெச்ச கெடா, இனி எதுக்கும் ஆகாதுன்னல்லோ நெனச்சேன்." அவர் பூசாரியைப் பார்த்தார். "சின்னமுத்து, வேற கெடா குடுத்துரலாமா? இதையவிடக் கொழுத்ததா?"

"பேரு சொல்லி நேந்துட்டா மாத்தக் கூடாதுங்காத்தா," என்றார் பூசாரி. "மாத்துனா ஊட்டுல இருக்கறவங்களுக்கு ஆகாது."

வீட்டில் இருப்பது மகள் ஒருத்திதான். முத்தாத்தாளின் முகம் வெளுத்துவிட்டது. கிடாவை வெட்டினால் மகளின் வேலை போயிற்று, வெட்டாவிட்டால் மகளுக்கே ஆகாது. அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் ஈஸ்வரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்காத்தா, வேண்டுனப்ப என்ன சொன்னீங்க? அச்சு அசலாச் சொல்லுங்க."

"எம்பட புள்ளை மெசினு ரத்தத்துல ஓடுச்சுன்னா தாசில்தாரைத் தாரேன்னு."

"செவ்வாக்கெழமை ஓடுனது எதுலீங்க டாக்டரம்மா?"

நாச்சம்மாளின் கண்கள் விரிந்தன. "மூத்திரத்துல!" என்று கோயில் அதிரக் கத்தினாள். சேவல் அறுக்க வந்த குடும்பம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த நிலையிலேயே திரும்பிப் பார்த்தது.

"அப்ப வேண்டுதல் இன்னும் பலிக்கலை," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "பலிக்காததுக்குக் கெடா வாங்கற சாமி கருப்பராயன் இல்லீங்க."

பூசாரி யோசித்தார். கிடா வெட்டினால் தலையும் தோலும் அவருக்கு. அவ்வளவு சுலபமாக விடுவாரா? "மெசினைத்தான் கையோட கொண்டாந்திருக்கீங்களே," என்று சேவல் ரத்தச் சட்டியைக் காட்டினார். "இந்தா இருக்குது ரத்தம். சாமி முன்னாடியே வெச்சுப் பாத்துருங்க. ஓடுச்சுன்னா வெட்டிரலாம். ஓடலீன்னா ஓட்டிட்டுப் போங்க."

நாச்சம்மாள் ஈஸ்வரமூர்த்தியையும் சுவக்கீனையும் பக்கத்தில் இழுத்துக் கிசுகிசுத்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உதடு துடித்தது. "கவலைப்படாதீங்க. கோழி ரத்தத்துல மனுசப் புரதமே கெடையாது. மெசினு சரியா இருந்தா முள்ளு அசையவே கூடாது. ஆனா இத்தனை நாளும் ரத்தத்தைப் பாத்தாலே முள்ளு குதிச்சிருக்கு. இன்னைக்கும் குதிக்கும். பாத்தீங்களா, கெட்டுப்போச்சுனு சொல்லிட்டு ஆட்டை ஓட்டிட்டுப் போயிரலாம்."

தன் மெஷின் கெட்டுப்போக வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி இவ்வளவு சந்தோஷமாக எங்கேயும் ஆசைப்பட்டிருக்க மாட்டாள். பெட்டியைப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பேட்டரியை மாட்டினாள். குச்சியை முதலில் உப்புத் தண்ணீரில் அலசி, முள்ளைச் சுழியில் நிறுத்தினாள். எல்லோரும் சுற்றிக் குனிந்தார்கள். தாசில்தாரும் எட்டிப் பார்த்தது.

குச்சி ரத்தத்தில் இறங்கியது.

'குதி,' என்று வேண்டினான் சுவக்கீன். 'குதிச்சிரு தாயி.'

முள் நின்றது.

நாச்சம்மாள் பெட்டியைத் தட்டினாள். முள் நின்றது. ஒயரை ஆட்டினாள். குச்சியை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் இறக்கினாள். முள் சுழியில் அப்படியே நின்றது. பிறகு அவள் தன் புறங்கையைக் கிடாவின் கொம்பில் ஒரு கீறு கீறி, தன் ரத்தத்தில் ஒரு சொட்டை அந்தச் சட்டியில் விட்டுக் கலக்கினாள். பழக்க தோஷம், என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்ததில்லை. முள் மெதுவாக, அடக்கமாக, ஒரே ஒரு கோடு நகர்ந்து நின்றது.

அவள் முகத்தைப் பார்த்ததும் சுவக்கீனுக்குப் புரிந்துவிட்டது. துண்டு நின்றுவிட்டது! சீட்டெல்லாம் பத்திரம்! ஆயிரம் புரதம் முட்டி மோதியும் ஒன்றுகூட ஒட்டவில்லை, உட்கார வேண்டியது மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆறு வருஷமாக வராதது இந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்து வந்திருக்கிறது. அவனுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. கையைத் தட்டிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தால் கிடா போய்விடும். கிடா போனால் இந்த ஒரு குச்சியோடு எல்லாம் முடிந்துவிடும்.

"என்னங்க?" என்றார் பூசாரி, அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "ஓடுச்சா, ஓடலியா?"

ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது, ஏனென்றால் முத்தாத்தாள் அவருடைய காலை ஓங்கி மிதித்திருந்தார்.

"அய்யோ கருப்பராயா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் முத்தாத்தாள். "முள்ளு அசையவே மாட்டீங்குதே! ஒரு துளி நகந்துட்டு அப்படியே செத்துப்போச்சே! மெசினு ஓடலையே! எம்பட புள்ளை பாடெல்லாம் மண்ணாப் போச்சே!"

பூசாரியும் குனிந்து பார்த்தார். அவர் பார்த்த வரையில் ஓடுகிற மெஷின் எல்லாம் சத்தம் போடும், புகை விடும், குறைந்தபட்சம் ஆடவாவது செய்யும். இது சும்மா இருந்தது. "ஓடலைதானுங்க ஆத்தா," என்று வருத்தத்தோடு ஒத்துக்கொண்டு அரிவாளை இறக்கினார்.

பாவம், அந்த அம்மாளுக்கு முள் நிற்பதுதான் ஜெயம் என்பது தெரியவில்லை, அந்த அறியாமைதான் இன்றைக்குக் காப்பாற்றியது என்று நினைத்தான் சுவக்கீன். முத்தாத்தாள் மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். சுவக்கீன் பக்கத்திலேயே நின்றதால் காதில் விழுந்தது.

"அந்த முள்ளு நிக்கோணும், நிக்கோணும்னு ஆறு வருசமாத் தூக்கத்துலகூடப் பொலம்புனவ நீதானேடி? நின்னுபோச்சு. உன்ற மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. இப்ப பல்லைக் காட்டாத. சாமி பாத்துட்டிருக்குது. அழு."

நாச்சம்மாள் அழுதாள். அதற்கு அவள் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. தாயாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆறு வருஷத்துக்கும் சேர்த்து விசும்பி விசும்பி அழுதாள். சேவல் குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர் கூடவே மூக்கைச் சிந்தினார்கள். பூசாரி அவளுக்குத் திருநீறு கொடுத்து, "அடுத்த வருசம் ஓடுமுங்க, மனசை உட்டுறாதீங்க," என்று தேற்றினார்.

முத்தாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமியின் பக்கம் திரும்பினார். "உனக்குச் சேர வேண்டியது உனக்குத்தான் கருப்பராயா," என்றார் உரக்க. "எங்கேயும் போயிராது. அதுவரைக்கும் அது என்ற ஊட்டுலயே நிக்கட்டும்."

அவிழ்க்க மறந்த மாலையோடு தாசில்தாரை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். முத்தாத்தாள் வண்டிக்காரனைத் தனியாக வரச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"செக்போஸ்டைத் தாண்டறவரைக்கும் ஆரும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது," என்றார் முன்னால் பார்த்தபடி. "இந்தப் பக்கம் பூராவும் அவன் காவல்."

ஜீப் ஊர்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் அவ்வளவுதான். ஈஸ்வரமூர்த்தி மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டு வானத்தை ஆராய்ந்தார். நாச்சம்மாளின் உதடு கடித்துக் கடித்துச் சிவந்துபோயிருந்தது. சுவக்கீனுக்கு விக்கல் எடுத்தது. செக்போஸ்டில் இந்தத் தடவை கழி இறங்கியிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். விறைத்துப்போன நான்கு முகங்கள், அழுது வீங்கிய கண்கள், மாலை போட்ட ஓர் ஆடு.

தொப்பியைக் கழற்றிவிட்டார் மனிதர். "ஆரா மரிச்சது?" என்று கேட்டார் மெதுவாக.

"யாரும் மரிக்கல சாரே," என்றான் சுவக்கீன். "இனிமேலும் மரிக்க மாட்டாக."

கழி மேலே ஏறியது. ஜீப்பின் பின்சக்கரம் அந்தப் பக்கம் உருண்டு போனதும் முதலில் வெடித்துச் சிரித்தது முத்தாத்தாள்தான்.